கிளாரினெட்டும் மழைக்காலப் பவனியும்

நமது திருவிழாக்களைப் பற்றி எழுதுவோர் கொடியேற்றத்தையும் தேரையும் விரிவாகக் கூறுவர். தேருக்கு முன்னே நடக்கும் பேண்டு வாத்தியக்காரருக்கு ஒரு வரிதானும் ஒதுக்குவதில்லை. அவ்வாத்தியங்களுள் மழைக்கு மிகவும் அஞ்சுவது கிளாரினெட். நமது திருநாள்களோ அதற்கு இரக்கம் காட்டவில்லை. செப்டம்பர் 8 மாதா திருநாளையொட்டிக் கல்வராயன் மலைப் பக்கமிருந்து மாலையில் இடிமழை இறங்கும். டிசம்பர் 3 சவேரியார் திருநாளும் டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே வருகின்றன.

1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் டென்னர் என்பவர் உருவாக்கிய இக்கருவி, முதலில் பெரும்பாலும் பாக்ஸ்வுட் மரத்தால் செய்யப்பட்டது. ஈரம் ஏறினால் அம்மரம் கோணிப்போகும். ஆகவே பிற்காலத்தார் உறுதிமிக்க ஆப்பிரிக்கக் கருமரத்திற்கு மாறினர். 1812இல் பாரிசில் இவான் முல்லர் 13 சாவிகளும், உள்ளே கம்பளி அடைத்த மெத்தைகளும் கொண்ட கிளாரினெட்டைக் காட்டினார். அந்நகர இசைக் கல்லூரிக் குழு அதை ஏற்கவில்லை, உலகம் ஏற்றுக்கொண்டது. துளையைக் காற்றுப் புகாமல் மூடுவது அம்மெத்தையே. தண்ணீரைக் குடித்து ஊதிக் கெடுவதும் அதுவே! 1851இல் அமெரிக்கரான நெல்சன் குட்இயர் கெட்டி ரப்பருக்கு உரிமம் பெற்றார். எபோனைட் எனப்படும் அப்பொருளாலும் உலோகத்தாலும் செய்த கிளாரினெட்டுகள் வெட்டவெளியில் வாசிக்கும் ராணுவ பேண்டுகளுக்குப் பயன்பட்டன.

தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே மகாதேவ நட்டுவனார் இதைச் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். 2022இல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசை மேடையில் இதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தார். ஆனால் மேடைக்குக் கூரை உண்டு, தெருவுக்கு இல்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுவரத்திற்குச் சாவியுமில்லை, மெத்தையுமில்லை; ஆதலால் இத்தொல்லைகளும் இல்லை.

மரக் கிளாரினெட்டின் உட்புறம் மூச்சால் சூடாகி ஈரமாகும். வெளிப்புறம் மழையால் குளிரும். உள்மரம் உப்ப, வெளிமரம் உடன்வராமல் மேல்துண்டு விரிசல் விடும். எஃகு வில்கள் துருப்பிடிக்கும். நனைந்த கருவியை அப்படியே பெட்டியில் பூட்டுவதும், அவசரத்தில் அடுப்பருகே காயவைப்பதும் மழையைவிடக் கேடானவை. உடனே துண்டு துண்டாகக் கழற்றி, உள்ளே மெல்லிய துணியை இழுத்துத் துடைத்து, மெத்தைகளுக்கடியில் சிகரெட் தாளை வைத்து மெல்ல அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் ஆறவிட வேண்டும். வில்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். கெட்ட மெத்தையை மாற்றுவோர் சாவிக் கிண்ணத்தில் அரக்கை உருக்கிப் புதியதை ஒட்டுவர். இணைப்பிலுள்ள கார்க் தேய்ந்தால் நூல் சுற்றிச் சமாளிக்கலாம். விரிசலை மட்டும் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மழை தொடங்கியதும் நாம் சுரூபத்தைப் போர்த்துகிறோம், ஜெனரேட்டரைப் போர்த்துகிறோம். வாத்தியக்காரர் மட்டும் தெருவில் நிற்கிறார். மார்கழியில் விரிசல் கண்ட கருவியோடு அவர் தை மாதக் கல்யாணங்களுக்கு எப்படிப் போவார்? பவனிப் பாதையில் அவர்கள் ஒதுங்க இரண்டு திண்ணைகளை முன்னரே கேட்டு வைப்பது விழாக்குழுவினருக்குப் பெரிய வேலையன்று. குடை பிடிக்க ஓர் இளைஞரை நியமித்தாலும் நன்று. இப்போது பிளாஸ்டிக் கிளாரினெட்டுகளும் விற்கின்றன. நாதம் சற்றுக் குறைவு என்பார்கள். ஆனால் அவற்றின் உடல் மழையில் வெடிப்பதில்லை. மெத்தையும் வில்லும் அவற்றிலும் உண்டாகையால், துடைத்து உலர்த்தும் வேலை மட்டும் குறையாது.