காமா செபீயும் சென்னை வானாய்வகத்தின் கோள் தேடலும்

காமா செபீ என்பது செபியஸ் விண்மீன் குழாமில் உள்ள, வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய செம்மஞ்சள் நிறத் துணைப்பெருமீன் ஆகும். அரபு மொழியில் இடையனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த எர்ராய் என்ற பெயராலும் இது அழைக்கப்படுகிறது. பூமியிலிருந்து சுமார் 45 ஒளியாண்டு தொலைவில் உள்ள இதன் தோற்ற ஒளிப்பொலிவெண் 3.2. இது ஓர் இரும விண்மீன். இதன் முதன்மை விண்மீனை ஒரு கோள் சுற்றி வருகிறது. இரும விண்மீன் ஒன்றைச் சுற்றும் கண்ணுக்குத் தெரியாத கோளை, விண்மீனின் இயக்கத்தைக் கொண்டே கண்டறியலாம் என்ற முயற்சி காமா செபீக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் நடந்தது. 1855இல் சென்னை வானாய்வகம் முன்வைத்த கூற்று பொய்த்தது. 1988இல் காமா செபீயைப் பற்றி எழுந்த ஐயமோ, முதலில் கைவிடப்பட்டுப் பின்னர் உறுதியானது. இவ்விரு நிகழ்வுகளும் புறக்கோள் ஆய்வில் சான்று எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன.

துணைப்பெருமீன்

சூரியனைப் போன்ற விண்மீன்கள் தம் மையத்தில் உள்ள ஐதரசனை எரித்து ஒளிர்கின்றன. மைய ஐதரசன் தீர்ந்ததும் விண்மீன் மெல்ல விரிந்து, அதன் புறப்பரப்பு குளிர்கிறது. பெருமீனாக மாறுவதற்கு முந்தைய இந்த இடைநிலையே துணைப்பெருமீன் நிலை. காமா செபீயின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, ஆரமோ ஐந்து மடங்கை நெருங்குகிறது. புறப்பரப்பு வெப்பநிலை சுமார் 4,800 கெல்வின். சூரியனைவிடக் குளிர்ந்திருப்பதால் இது செம்மஞ்சளாகத் தெரிகிறது.

விண்மீன்களின் பொலிவைக் குறிக்கும் இன்றைய எண்முறையை 1856இல் வகுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து அலகு வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்பது அவர் வைத்த விதி. 1861 முதல் 1891இல் இறக்கும் வரை அவர் சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்தார்.

சென்னை வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தமது சொந்த வானாய்வகத்தை அமைத்தார். பின்னர் அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. இதற்கு முன்னின்றவர் கடல் நில அளவையாளரான மைக்கேல் டாப்பிங். சோழமண்டலக் கடற்கரைக்கு வரும் கப்பல்களுக்குத் துல்லியமான தீர்க்கரேகை தேவைப்பட்டது. நில அளவைக்கும் ஓர் அடிப்படைப் புள்ளி தேவைப்பட்டது. எனவே இந்த வானாய்வகம் தொடக்கத்தில் துறைமுக நகரின் நடைமுறைத் தேவைக்காகவே உருவானது. கருவியைத் தாங்க நிறுவப்பட்ட சுமார் 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் அதில் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது.

இங்கு பணியாற்றிய இந்தியர்களில் புகழ்பெற்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்த அவர், 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

ஜேக்கபின் கூற்று, 1855

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் கம்பெனியின் பம்பாய்ப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். புனேயில் சொந்த வானாய்வகம் வைத்து இரும விண்மீன்களை அளந்து வந்த அவர், 1848இன் இறுதியில் சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். சனிக் கோளின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதை 1852இல் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

அவர் கவனித்த விண்மீன்களில் ஒன்று 70 ஒபியூச்சி. 16 ஒளியாண்டுக்குச் சற்று அதிகத் தொலைவில் உள்ள இதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியும் செம்மஞ்சள் விண்மீனே. ஆனால் துணைப்பெருமீன் அல்ல. இன்னும் ஐதரசனை எரித்துக்கொண்டிருக்கும் குறுமீன். இது இரட்டை விண்மீன் என்பதை 1779இல் வில்லியம் ஹெர்ஷெல் கண்டறிந்தார். இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளில் சுற்றி வருகின்றன. சென்னையின் அட்சரேகையில் இது தலைக்கு மேலே நெருங்கி வருவதால் அளப்பதற்கு வசதியானது.

அளந்த இடங்கள் கணக்கிட்ட நீள்வட்டத்தோடு பொருந்தவில்லை. இந்த விலகல் ஒழுங்கான முறையில் திரும்பத் திரும்ப வருவதாக ஜேக்கப் கருதினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அந்த விண்மீன்களில் ஒன்றை இழுப்பதே காரணமாக இருக்கலாம் என்றும், அவ்வாறிருக்க மிகுந்த வாய்ப்புள்ளது என்றும் 1855இல் அரச வானியல் கழகத்தின் மாத இதழில் எழுதினார். உறுதி என்று அவர் சொல்லவில்லை. சூரியனுக்கு வெளியே உள்ள விண்மீன் ஒன்றுக்குக் கோள் உண்டு என அளவீடுகளின் அடிப்படையில் முன்வைக்கப்பட்ட மிகப் பழைய கூற்றுகளில் இதுவும் ஒன்று.

நெப்டியூன் 1846இல்தான் கண்டறியப்பட்டிருந்தது. யுரேனசின் பாதையில் தெரிந்த விலகலைக் கொண்டு கணக்கிட்டு அதன் இடத்தை முன்கூட்டியே சொன்னார்கள். அதே தருக்கத்தையே ஜேக்கப் விண்மீனுக்குப் பயன்படுத்தினார். முறையில் பிழை இல்லை. அளவீட்டின் நுண்மைதான் போதவில்லை. கண்ணால் பார்த்து நுண்ணளவியால் அளந்த அக்காலத்தில், பார்ப்பவருக்கும் கருவிக்கும் ஏற்ப வரும் சிறு பிழைகளே அவர் தேடிய விலகலின் அளவுக்கு இருந்தன.

கூற்றின் வீழ்ச்சி

1896இல் அமெரிக்க வானியலாளர் தாமஸ் சீ இதே விண்மீனுக்கு 36 ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட இருண்ட துணை உண்டு என்றார். இரண்டு விண்மீன்களுக்கிடையே அத்தகைய பாதை நிலைத்திருக்க முடியாது என்று ஃபாரஸ்ட் ரே மோல்டன் 1899இல் கணித முறையில் காட்டினார். 1943இல் ரெயில், ஹோம்பெர்க் ஆகியோர் ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு மீண்டும் ஒரு கோளை அறிவித்தனர். 1988இல் வுல்ஃப் ஹைன்ட்ஸ் பழைய அளவீடுகளை மறு ஆய்வு செய்து அதற்கும் ஆதாரம் இல்லை என்றார். 70 ஒபியூச்சிக்கு இதுவரை உறுதிசெய்யப்பட்ட கோள் எதுவும் இல்லை.

காமா செபீ: ஐயமும் உறுதியும்

70 ஒபியூச்சியின் கோள் மறுக்கப்பட்ட அதே 1988இல், புரூஸ் கேம்பெல், கோர்டன் வாக்கர், ஸ்டீபன்சன் யாங் ஆகிய கனடா நாட்டு ஆய்வாளர்கள் காமா செபீயில் கோள் இருக்கலாம் எனத் தெரிவித்தனர். விண்மீனின் இடத்தை அளப்பதற்குப் பதிலாக, அது நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகத்தை நிறமாலைக் கோடுகளிலிருந்து அவர்கள் அளந்தார்கள். ஒப்பீட்டுக் கோடுகளுக்காக, நச்சும் அரிப்புத்தன்மையும் உடைய ஐதரசன் புளோரைடு வளிமத்தின் வழியே விண்மீன் ஒளியைச் செலுத்தினார்கள். இதனால் நொடிக்குச் சுமார் 13 மீட்டர் வேக மாற்றத்தைக்கூட அறிய முடிந்தது.

1992இல் அதே குழு தன் முடிவைத் தளர்த்திக்கொண்டது. அக்காலத்தில் காமா செபீ பெருமீனாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. பெருமீனின் புறப்பரப்பில் உள்ள புள்ளிகள் அதன் சுழற்சியோடு சேர்ந்து வந்துபோவதாலும் சுமார் 2.5 ஆண்டு ஏற்ற இறக்கம் தோன்றக்கூடும். எனவே சுழற்சியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கருதினர். இந்த எச்சரிக்கையால், சூரியனைப் போன்ற விண்மீனின் முதல் கோளைக் கண்டறிந்த பெருமை 1995இல் 51 பெகாசியை ஆராய்ந்த சுவிட்சர்லாந்துக் குழுவுக்குச் சென்றது.

2003இல் ஆர்ட்டி ஹாட்ஸசும் அவரது குழுவினரும் 1981 முதல் 2002 வரையிலான அளவீடுகளை ஒன்றுசேர்த்து வெளியிட்டனர். வேக மாற்றம் இருபது ஆண்டுகளாக மாறாத காலமுறையுடன் தொடர்ந்தது. விண்மீனின் செயற்பாட்டைக் காட்டும் அடையாளங்களில் அதே காலமுறை காணப்படவில்லை. எனவே காரணம் கோளே என்று உறுதியானது. வியாழனைவிட நிறை மிகுந்த அக்கோள், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் இரு மடங்குத் தொலைவில் சுமார் 2.5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அது விண்மீனில் ஏற்படுத்தும் அசைவின் உச்சவேகம் மணிக்குச் சுமார் 100 கி.மீ. மட்டுமே. 2015இல் அதற்கு டாட்மோர் என்று பெயரிடப்பட்டது.

காமா செபீயின் துணை விண்மீன் ஏறத்தாழ 20 வானியல் அலகு தொலைவில் உள்ளது. 70 ஒபியூச்சியின் இரு விண்மீன்களுக்கு இடையேயான சராசரித் தொலைவும் இதே அளவை ஒட்டியதே. நெருக்கமான இரும விண்மீனிலும் கோள் நிலைத்திருக்கலாம் என்ற ஜேக்கபின் அடிப்படை எண்ணம் இவ்வாறு வேறொரு விண்மீனில் மெய்யானது. ஆயினும் கோள் முதன்மை விண்மீனுக்கு மிக அருகில் இருப்பதாலேயே அது நிலைத்துள்ளது. மோல்டனின் எச்சரிக்கையும் சரியே.

வட சென்னையிலிருந்து காணுதல்

சென்னை வானாய்வகத்தின் வானியல் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அதன் வழிவந்தது. சென்னைவாசிகளுக்குக் காமா செபீ இன்றும் எட்டும் தொலைவில்தான் உள்ளது. வட வான்துருவத்திலிருந்து சுமார் 12 பாகை தள்ளியிருப்பதால், சென்னையில் அது வடக்கு அடிவானத்துக்கு மேல் அதிகபட்சம் 25 பாகை உயரமே எழும். கையை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டரை முட்டி உயரம். நவம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணியளவிலும் டிசம்பர் தொடக்கத்தில் இரவு 7 மணியளவிலும் அது துருவ விண்மீனுக்கு நேர் மேலே நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் மழை விட்ட தெளிந்த இரவுகளே ஏற்றவை.

திருவொற்றியூர் டோல்கேட் பகுதியிலிருந்து வடக்கே பார்த்தால் எண்ணூர் இருக்கும் திசை. காமராசர் துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் விளக்கொளியும் புகையும் தாழ்வானத்தை மங்கலாக்குவதால் இருநோக்கி உதவியாக இருக்கும். பூமியின் அச்சு மெதுவாகத் திசை மாறுவதால், கி.பி. 3000ஐ ஒட்டி வட துருவத்தைக் காட்டும் விண்மீனாகக் காமா செபீயே அமையும். பின்னர் வட துருவத்தை மேலும் நெருங்கும்போது சென்னையில் அது வடக்கே சுமார் 13 பாகை உயரத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.