கிளவுட் க்ரீக் மண் அணை

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 1934 ஏப்ரலில் வாஷிடா ஆறு பெருகி, ஹாமன் ஊரில் 17 பேர் இறந்தார்கள். பின்னர் 1944 வெள்ளத் தடுப்புச் சட்டத்தின்கீழ், கார்டெல் அருகே கிளவுட் க்ரீக் ஓடையில் சிறிய மண் அணை கட்டினார்கள். 1948 ஜூலையில் முடிந்தது. அச்சட்டப்படி கட்டிய முதல் சிற்றணை அதுவே.

நம் ஏரி மாதிரிதான். வெள்ளத்தைக் கரை தடுக்கும். அடியிலுள்ள குழாய் மெதுவாக வெளியேற்றும். மிஞ்சியது புல் வளர்ந்த கலிங்கு வழியே போகும். வண்டல் சேரும் என்பதால் ஆயுளை 50 ஆண்டு என்று கணக்கிட்டார்கள்.

இன்று ஒக்லஹோமாவில் மட்டும் இத்தகைய அணைகள் 2,100-க்கு மேல். கட்டியது மத்திய அரசின் பணம். பராமரிப்பு உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. பல அணைகளுக்கு வயதாகிவிட்டது. சிலவற்றின் கீழே, அணையை நம்பி வீடுகளும் வந்துவிட்டன. புதுப்பிக்க உதவும் சட்டம் 2000-ல்தான் வந்தது.

வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்குப் பட்டது இது: தேய்மானத்தை ஏட்டில் எழுதினால் போதாது, பணமும் ஒதுக்க வேண்டும். நம் லிஃப்டுக்கும் மொட்டைமாடிக்கும் வயதாகிறது. அடுத்த பொதுக்குழுவில் கார்ப்பஸ் நிதி பேச்சு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.