கருப்புச் சுருட்டும் கதை வாசிப்பவரும்

ஆன்சைட் போய் வந்த நண்பன் கொடுத்த மதுரோ சுருட்டை (மதுரை இல்லீங்க, ஸ்பானிஷில் 'பழுத்தது') மொட்டைமாடியில் பற்ற வைத்தேன். மேல் இலையை அதிக சூட்டில் ரொம்ப நாள் புளிக்க வைப்பதால்தான் அந்தக் கருப்பு. முதலில் மிளகுக் காரம், அப்புறம் டிகாக்‌ஷன் கசப்பு, அடியில் கருப்பட்டி வாசம். பாதியிலேயே தலை சுத்திடுச்சு.

ஆனா சொல்ல வந்தது வேற. 1865-ல் ஹவானாவில் சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்தே காசு போட்டு, வேலை நேரத்தில் பேப்பரும் நாவலும் உரக்கப் படிக்க ஒருவரை வைத்துக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவனும் உரிமை பேச ஆரம்பித்தான். விடுவாங்களா? அடுத்த வருஷமே ஸ்பானிய அரசு தடை போட்டது. ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டு போனார்கள். அங்கே 1931-ல் முதலாளிகள் நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை. அவர் இடத்துக்கு ரேடியோ வந்தது. கியூபாவில் மட்டும் இன்னும் படிக்கிறாங்க.