கிழக்கே போகும் ஆறு: பாம்பாற்றங்கரையில் ஒரு நாள்

நம் சங்கத்தின் முந்தைய மலர் ஒன்றில் கேரளத் தமிழர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைச் சிலர் படித்திருப்பீர்கள். அதில், "இடுக்கி மலைத் தமிழர்கள் யாவரும் தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்து குடியேறியவர்களே" என்று ஒரு வரி உண்டு. எழுதும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவ்வளவு தெரிந்த விஷயம் என்று நினைப்பு.

மலர் வெளிவந்த சில நாட்களில், நம் பொங்கல் விழாவில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். மறையூரில் பிறந்து பாலக்காட்டில் வாழ்க்கைப்பட்டவர். "சார், கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க ஊரைப் பத்தி எழுதினது தப்பு. நாங்க தேயிலைக்கு வந்தவங்க இல்லை. தேயிலைதான் எங்க மலைக்கு வந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கோ அன்றைய பொங்கல் இறங்கவில்லை.

அதன் பிறகு செய்த பயணத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. மூன்று குடும்பங்கள், ஒரு வேன், கட்டிக்கொண்டு போன இட்லி, புளிச்சாதம். பாலக்காட்டிலிருந்து மறையூர் ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஒரு வேடிக்கை, கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நடுவில் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். மீனாட்சிபுரத்தில் எல்லை தாண்டியதும் என் பேத்தி, "தாத்தா, நம்ம ஊருக்கு வந்துட்டோமா?" என்று கேட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துச் சின்னாறு சோதனைச்சாவடியில் மறுபடியும் மலையாளப் பலகையைப் பார்த்துவிட்டு, "இப்ப எங்க வந்திருக்கோம்?" என்றாள். நல்ல கேள்வி. எனக்கும் அன்று அதே கேள்விதான்.

பொள்ளாச்சிக்கு முன்னால் அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றைக் கடக்கிறோம். இந்த ஆறு தமிழ்நாட்டு மலையில் பிறந்து மேற்கே போகிறது. நம் சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் கடலில் விழுகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவில் அளந்து சித்தூர்ப் பக்கத்துக்கு விட வேண்டும். சித்தூர்த் தாலுக்காவில் நெல் போட்டிருக்கும் நம் உறவினர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும் தண்ணீரைப் பற்றி நமக்குத் தெரிகிறது. இங்கிருந்து அங்கே போகும் தண்ணீரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

கேரளத்தில் 44 ஆறுகள் என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். 41 மேற்கே ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே திரும்பிக் காவிரியில் கலக்கின்றன. இவற்றில் பவானி நம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகத்தான் போகிறது. நீலகிரியில் பிறந்து, அமைதிப் பள்ளத்தாக்கின் ஓரமாக இறங்கி, முக்காலியில் வளைந்து, சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குப் போய்ச் சேருகிறது. அட்டப்பாடி 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1951 கணக்கெடுப்பில் அங்கே பத்துக்கு ஒன்பது பேர் இருளர், முதுகர், குறும்பர். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து நிலம் பிடித்தார்கள், நம்மவர்களும் அதில் உண்டு. இன்று அந்த மக்கள் சொந்த மலையில் பாதிக்கும் குறைவு. 2020ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வான நஞ்சியம்மா இந்த அட்டப்பாடிக்காரர்தான். அவர் பாடிய இருளர் மொழிப் பாட்டைக் கேட்டால் பாதிக்கு மேல் நமக்குப் புரியும். அட்டப்பாடிக்குத் தனியாக ஒரு நாள் போக வேண்டும். இப்போது பாம்பாறு.

உடுமலையிலிருந்து மலையேறும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூணாறு என்றால் மழை, மூடுபனி என்றுதான் நினைப்போம். சின்னாறு அப்படி இல்லை. முள்மரம், சப்பாத்திக்கள்ளி, செம்மண், வெயில். ஆனைமுடி மேற்குக் காற்றை மறித்து மழையைத் தன் மேலேயே கொட்ட வைத்துவிடுவதால், இந்தப் பக்கம் மழை மறைவு. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் நம் ஐப்பசி கார்த்திகை மழை. 1984இல் சின்னாறு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாம்பல் நிற மலை அணிலையும் நட்சத்திர ஆமையையும் இங்கே காணலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டி அழைத்துப் போனேன். இரண்டும் கண்ணில் படவில்லை. தூரத்தில் தூவானம் அருவி வெள்ளைத் துணி காயப்போட்டதுபோல் தெரிந்தது. அது பாம்பாற்றின் அருவி. வனத்துறை அனுமதியோடு நடந்தும் போகலாம். சிறு பிள்ளைகள் இருந்ததால் நாங்கள் போகவில்லை.

மறையூரில் முதலில் பார்க்க வேண்டியது முனியறைகள். பாறைத் திட்டின் மேல் நான்கு பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த அறைகள். முனிவர்கள் தவம் செய்த இடம் என்பார்கள். பாண்டவர்கள் மறைந்திருந்ததால் மறையூர் என்றும் சொல்வதுண்டு. தொல்லியலார் இவற்றைப் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்பர். கொங்கு நாட்டிலும் பழனி மலைச்சரிவிலும் இதே வகைக் கல்லறைகள் உண்டு. பல மூடிக்கற்கள் சரிந்து கிடக்கின்றன, சிலவற்றின் மேல் காதலர்கள் பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆத்திரமாக வந்தது.

சந்தனக் காட்டின் கம்பி வேலியோரம் நின்று பிள்ளைகள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். வாசனையே இல்லை. நிற்கிற மரத்தில் மணம் தெரியாது, அது உள்ளே வைரத்தில் இருக்கிறது என்று காவலர் விளக்கினார்.

மதியம் நம் சங்கத்து அம்மாவின் பிறந்த வீட்டில் சாப்பாடு. அவருடைய பெரியப்பாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்தபடியே மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர்ப் பெயரையும் விரல் மடக்கிச் சொன்னார். இதுதான் அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்தில் ஆட்சிக் குழப்பம் வந்த காலத்தில் மலையேறி வந்தவர்கள் என்பது இவர்கள் வாய்மொழி. எந்தக் குழப்பம், எந்த நூற்றாண்டு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இங்கே வாழும் முதுவர்களும் மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆனோம் என்பார்கள். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆவணம் ஒன்று இருக்கிறது. பூஞ்சாறு அரச குடும்பத்தார் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலையை எழுதிக்கொடுத்தது 1877இல். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் முதல் தேயிலை வைத்தது 1880இல். அந்த வெள்ளைக்காரர்களுக்கு மலைவழி காட்டிய அஞ்சுநாட்டுப் பெரியவரின் பெயர்தான் கண்ணன் தேவன் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. தேயிலைப் பொட்டலத்தில் நாம் தினமும் பார்க்கும் பெயர்! கம்பெனி வந்தபோது இங்கே நெல் வயலும் ஊர்க் கட்டுப்பாடும் நாட்டாமையும் இருந்தன.

"நீங்க எழுதினதைப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு" என்றார் பெரியவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதை விடுங்க. அம்பத்தி நாலுலயும் இதையேதான் சொன்னாங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகவே இவ்வளவு தூரம் வந்தது தகும் என்று தோன்றியது. நம் இளைய தலைமுறைக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். திருவிதாங்கூர் கொச்சி சமஸ்தானத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணியின் பெயரை யாவரும் அறிவர். 1954இல் தேவிகுளம், பீர்மேட்டில் அடக்குமுறை எழுந்தது. அதைக் கண்டித்து நடந்த போராட்டத்தில் ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1955இல் பஸல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னைக்குக் கொடுக்கச் சொன்னது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு என்றது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு விழுந்தது. மலைத் தமிழர்கள் நிலையான குடிகள் அல்ல, தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது அன்று எதிர்த்தரப்பில் ஓங்கி ஒலித்த வாதம்.

நான் சங்க மலரில் எழுதிய வரியும் அதே வாதம்தான். தெரியாமல் எழுதினேன் என்பது சமாதானம் ஆகாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லையை மாற்று என்று கேட்கும் கட்டுரை அல்ல இது. அஞ்சுநாட்டாரே அப்படிக் கேட்கவில்லை. பெரியவரின் பேரன் மலையாளத்தில் பட்டம் பெற்றவன், பேத்தி தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறாள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த உரிமையைப் பயன்படுத்துகிறோம் என்று கேட்டார் பெரியவர். எங்கள் வேனில் யாரும் கை தூக்கவில்லை.

தோட்டத் தொழிலாளர்களும் வந்து போகிறவர்கள் என்று சொல்லத் தக்கவர்களா? நான்கைந்து தலைமுறையாக அதே லயத்தில் பிறந்து அதே மலையில் மடிகிறார்கள். 2015இல் போனஸுக்கும் கூலிக்கும் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பெண்கள் தமிழ்ப் பெண்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது உயிர்கள் போயின, ஏறக்குறைய எல்லோரும் தமிழ்க் குடும்பத்தார். என் பழைய வரி அவர்களுக்கும் நியாயம் செய்யவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கோவில்கடவில் பாம்பாற்றங்கரைத் தென்காசிநாதர் கோவிலைக் கும்பிட்டுவிட்டு, கரும்பாலைக் கொட்டகைக்குப் போனோம். கரும்புச் சக்கையையே எரித்துப் பெரிய கொப்பரையில் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் வெல்லத்தை மறையூர்ப் பெயரில் விற்கும் தொல்லை அவர்களுக்கு நெடுநாளாக உண்டு. கொட்டகை வாசலிலேயே வாங்குவது உத்தமம்.

இந்தக் கரும்புக்கும் பாம்பாற்றுத் தண்ணீர்தான். இங்கேதான் தாவா. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் தேதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கியது. கபினியில் 21, பவானியில் 6, பாம்பாற்றில் 3. உச்ச நீதிமன்றம் 2018இலும் அதை மாற்றவில்லை. இந்த மூன்று டி.எம்.சி.யைப் பயன்படுத்தக் காந்தளூர்ப் பக்கம் அணை கட்டும் பேச்சு எழும்போதெல்லாம் உடுமலையில் விவசாயிகள் பதறுகிறார்கள், அமராவதி அணை வற்றிவிடுமே என்று. செய்தித்தாளில் இதைக் கேரளம் தமிழ்நாடு தகராறு என்று படிக்கிறோம். இங்கே வந்து பார்த்தால் மேட்டில் கரும்பு போடுகிறவரும் தமிழர், கீழே நெல் போடுகிறவரும் தமிழர். "அங்கயும் எங்க சொந்தக்காரங்கதான் சார் இருக்காங்க. கல்யாணத்துல பார்த்தா தண்ணியைப் பத்தி மட்டும் பேசறதில்ல" என்றார் கொட்டகைக்காரர்.

இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும், யானை நடமாட்டம். பாம்பாறும் சின்னாறும் கூட்டாற்றில் கலந்து அமராவதி அணைக்குள் வருகின்றன. சாயங்காலம் அணைக்கரையில் வேனை நிறுத்தினோம். முதலைப் பண்ணையைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அப்பா பிறந்தது தாராபுரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில். முழுப்பரீட்சை விடுமுறையில் அமராவதியில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். அது மறையூர்த் தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஆறுதான் சங்க இலக்கியத்தின் ஆன்பொருநை. கரூரில் ஆற்றுப் படுகையிலிருந்து ரோமானியக் காசுகள் அள்ளியிருக்கிறார்கள். பக்கத்துப் புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் சேரல் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையின் பெயர்கள் தமிழ் பிராமியில் உள்ளன. சேரர் தலைநகர் வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் நெடுங்காலம் மோதினார்கள். கரூரே என்று நிறுவ ரா. இராகவையங்கார் தனி நூலே எழுதினார். நான் அவர் கட்சிதான், சொந்த ஊர்ப் பாசமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும், இன்றைய கேரளத்து மலையில் பிறந்த ஆறு அந்தச் சேரர் ஊருக்குப் போய்த்தான் காவிரியைச் சேருகிறது.

பேத்தி திரும்பி வந்து கையில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கிக்கொண்டே, "இந்தத் தண்ணி எப்ப தாத்தா உங்க ஊருக்குப் போகும்?" என்றாள். மதகு திறந்தால் இரண்டு மூன்று நாளாகும் என்றேன். நாங்கள் பாலக்காடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிட்டது.

முந்தைய மலரைப் பத்திரமாக வைத்திருக்கும் அன்பர்கள் என் கட்டுரையில் அந்த வரியைப் பேனாவால் அடித்து, "அஞ்சுநாடு நீங்கலாக; தோட்டத் தமிழரும் வந்து போகிறவர் அல்லர்" என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.