இந்தியாவில் மோட்டார் சைக்கிள் பந்தயத் தடங்கள்

உலகிலேயே மிக அதிகமாக இருசக்கர வாகனங்கள் விற்பனையாகும் நாடு இந்தியா. ஓசூரிலும் புனேயிலும் சென்னையிலும் உள்ள தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் மோட்டார் சைக்கிள்கள் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா வரை செல்கின்றன. ஆனால் அதே வண்டிகளை முறையாகப் பந்தயத்தில் ஓட்டுவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் நிரந்தரத் தடங்கள் என்று பார்த்தால் மூன்றுதான் முதலில் நினைவுக்கு வரும். ஒன்று சென்னைக்கு அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டை, மற்றொன்று கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையம், மூன்றாவது உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டா. மூன்றும் காருக்கும் பைக்குக்கும் பொதுவானவை. பைக்குக்கென்றே எழுந்தது இவற்றுள் ஒன்றும் இல்லை. இந்தக் குறை எப்படி ஏற்பட்டது, அதனால் ஓட்டுநர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விமான ஓடுபாதையில் தொடக்கம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகின் பல பகுதிகளில் விமானத் தளங்கள் வேலையின்றிக் கிடந்தன. நீண்ட, சமமான, மக்கள் நடமாட்டமற்ற அந்தக் காங்கிரீட் பரப்புகள் பந்தயப் பிரியர்களின் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் தடம் போர்க்கால விமானத் தளம்தான். 1948இல் அங்கு பந்தயம் தொடங்கியது. இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்த விமானத் தளமும் இவ்வாறே பந்தயக் களமானது. இந்தியாவில் பம்பாயின் ஜூஹு, கல்கத்தாவை அடுத்த பாரக்பூர், பின்னர் அலிப்பூர் ஆகிய ஓடுபாதைகளில் பந்தயங்கள் நடந்தன.

தமிழ்நாட்டுக்கு இந்த வரிசையில் கிடைத்தது சோழவரம். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த இந்தப் போர்க்கால ஓடுபாதையில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் பந்தயங்களை நடத்தியது. ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற வடிவம் கொண்ட தடம் அது. சென்னை நகரத்தார் பல்லாயிரக்கணக்கில் சோழவரத்துக்குச் சென்று பந்தயம் பார்த்த காலம் ஒன்று உண்டு. கார்களுக்கு இணையாக மோட்டார் சைக்கிள்களுக்கும் அங்கு கூட்டம் இருந்தது.

வசதி என்று பார்த்தால் சோழவரத்தில் அதிகம் எதுவும் கிடையாது. தடத்தின் ஓரத்தை வைக்கோல் கட்டுகளும் பீப்பாய்களும் காட்டின. பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட வேண்டும், ஏனெனில் நிலம் கிளப்புக்குச் சொந்தமானதன்று. அடுத்தவர் நிலத்தில் நிரந்தரக் கட்டடமோ மருத்துவ அறையோ யார் கட்டுவார்? ஆயினும் ஓடுபாதைக்கு ஒரு நற்குணம் இருந்தது. சுற்றிலும் வெட்டவெளி, விழுந்தவர் மோதுவதற்குச் சுவரோ மரமோ அருகில் இல்லை. பின்னாளில் பெரும் பொருட்செலவில் எழுந்த பல தடங்களில் இந்த ஒன்றுதான் இல்லாமற் போயிற்று.

காருக்கு நல்லது பைக்குக்கு நல்லதா?

கார் ஓட்டுநர் கூண்டுக்குள் இருக்கிறார். மோதும்போது கார் நசுங்கி அவரைக் காக்கிறது. பைக் ஓட்டுநர் விழுந்த நொடியில் வண்டியும் அவரும் தனித்தனியே பிரிந்து விடுகிறார்கள். தோல் உடையும் தலைக்கவசமும் மட்டுமே அவருக்குத் துணை. வேகம் தணியும் வரை உடல் தரையில் சறுக்கிச் செல்லும். மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 55 மீட்டர். வேகம் இருமடங்கானால் சறுக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளி இயற்பியல். ஆகவே பைக் ஓட்டுநருக்கு முதலில் வேண்டியது இடம்; வளைவுக்கு வெளியே, வேகத்துக்கு ஏற்ற அகலத்தில், தடையற்ற இடம். அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சரளைக்கல் படுகை வேண்டும். அதற்கும் அப்பால் சுவர் இருந்தே தீரும் என்றால், அதன் முன்னே காற்றடைத்த மெத்தை வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 1960களின் இறுதியிலும் 1970களிலும் கார் ஓட்டுநர்களின் கோரிக்கையால் ஐரோப்பியத் தடங்களின் ஓரமாக இரும்புத் தடுப்புகள் நிறுவப்பட்டன. காரை அவை தாங்கிப் பிடித்தன. பைக் ஓட்டுநருக்கோ அவை கத்தி வைத்தது போலாயின. 1973 மே 20 அன்று இத்தாலியின் மோன்சா தடத்தில் 250 சிசி பந்தயத்தின் முதல் சுற்றிலேயே பல வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இத்தாலியின் ரென்சோ பசோலினியும், முந்தைய ஆண்டின் உலக வெற்றியாளரான பின்லாந்தின் யார்னோ சாரினெனும் அங்கேயே இறந்தனர். வளைவின் ஓரத்தில் இரும்புத் தடுப்பு நெருக்கமாக நின்றதால் விழுந்தவர்களும் வண்டிகளும் விலகிச் செல்ல வழியே இருக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, ஐல் ஆஃப் மேன் தீவில் கில்பெர்ட்டோ பர்லோட்டி இறந்தார். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்று சாதாரண ஊர்ச்சாலைதான். வீட்டுச் சுவரும் விளக்குக் கம்பமும் ஓரத்திலேயே இருக்கும். அன்றைய முன்னணி வீரர் ஜியாகோமோ அகோஸ்தினி இனி அங்கே ஓட்டுவதில்லை என்று அறிவித்தார். வேறு சிலரும் பின்தொடர்ந்தனர். 1976க்குப் பிறகு அந்தப் பந்தயம் உலகப் போட்டித் தொடரிலிருந்து நீக்கப்பட்டது. 1977இல் அதன் இடத்தைப் பிடித்தது சில்வர்ஸ்டோன், அதாவது பழைய விமான ஓடுபாதை! அதே 1977இல்தான் இத்தாலிய மருத்துவர் கிளாடியோ கோஸ்தா, பந்தயம் நடக்கும் இடத்துக்கே செல்லும் நடமாடும் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அண்மைக் காலத்துக்கும் இது பொருந்தும். 2003இல் ஜப்பானின் சுசுகா தடத்தில் டைஜிரோ கட்டோ சுவரில் மோதி உயிரிழந்த பின், மோட்டோஜிபி பந்தயம் அத்தடத்துக்குத் திரும்பவே இல்லை. 2016இல் பார்சிலோனாவில் பயிற்சியின்போது லூயிஸ் சலோம் இறந்தார். அவர் விழுந்த வளைவின் வெளிப்புறம் சரளைக்கல் இல்லாத தார்ப் பரப்பாக இருந்தது. தார்ப் பரப்பில் கார் பிரேக் போட்டுத் திரும்பிவிடும். விழுந்துவிட்ட பைக்குக்கு ஏது பிரேக்? மறுநாளே தடத்தின் அப்பகுதி மாற்றப்பட்டது. ஒரே நாளில் மாற்ற முடிந்ததை முன்னரே மாற்றியிருக்கலாமே என்ற கேள்விக்குப் பந்தய வரலாற்றில் பல இடங்களில் பதில் இல்லை.

இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும்

சோழவரத்தை நம்பி இருக்க முடியாது என்பதை உணர்ந்த மெட்ராஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் தடம் அமைத்தது. 1990இல் திறக்கப்பட்ட இதன் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. பந்தயத்துக்காகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட இந்தியாவின் முதல் நிரந்தரத் தடம் இதுவே. அரசு கட்டித் தந்ததன்று. ஆர்வலர்களின் கிளப் ஒன்று முன்னின்று செய்த செயல் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று அது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என வழங்குகிறது.

இந்திய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் கடந்த 30 ஆண்டுக் கதை பெரும்பாலும் இங்குதான் நடந்தது. தேசியப் போட்டிகளும், டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் தம் வண்டிகளை மட்டும் கொண்டு நடத்தும் போட்டிகளும் இங்கு ஓடின. 2011இல் உலகப் போட்டியின் 125 சிசி பிரிவில் பங்கேற்ற சென்னை வீரர் சரத் குமார் இந்தச் சூழலிலிருந்து வந்தவர்.

செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் தொடங்கியது. 1995இல் விமான விபத்தில் மறைந்த கோவையின் பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதன் நினைவாகப் பெயர் பெற்றது. நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். சிறிய தடம் என்பதால் இளையோர் பயிற்சிக்கும் குறைந்த திறன் வண்டிகளுக்கும் ஏற்றது.

இவ்விரண்டு தடங்களையும் நாடு முழுவதும் உள்ள ஓட்டுநர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. கௌஹாத்தியிலோ இந்தூரிலோ உள்ள இளைஞர் ஒருவர் தடத்தில் ஒரு நாள் பயிற்சி செய்ய வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்கு ரயில் ஏற வேண்டும். வண்டியைத் தனியே அனுப்ப வேண்டும். வண்டி விலையைவிட இந்தச் செலவே பலரைத் தடுத்துவிடுகிறது. தடங்கள் பெருகினால் சாலையில் இரவு நேரப் பந்தயம் விடும் இளைஞர்கள் திருந்திவிடுவர் என்று சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மை. தடத்துக்குச் செல்லும் செலவும் குறைந்தால்தான் அவர்கள் அங்கே செல்வார்கள்.

தடம் தேவைப்படாத பிரிவில் இந்தியர்கள் எப்படி முன்னேறினர் என்பது இதற்கு மறைமுகச் சான்று. பாலைவனத்தில் நடக்கும் டக்கார் பந்தயத்தில் 2015இல் சி.எஸ். சந்தோஷ் முதல் இந்தியராகக் கலந்துகொண்டார். 2024இல் கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா அதே பந்தயத்தில் ராலி 2 பிரிவில் முதலிடமும், ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடமும் பெற்றார்.

கிரேட்டர் நொய்டாவின் இரண்டு முகங்கள்

ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் டில்கே வடிவமைத்த புத்தா இன்டர்நேஷனல் சர்க்யூட் 2011இல் திறக்கப்பட்டது. 5.125 கிலோமீட்டர் நீளமும் உலகத் தரமும் கொண்டது. ஃபார்முலா ஒன் கார் பந்தயம் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் மட்டும் நடந்து நின்றுபோனது. இது விளையாட்டா, கேளிக்கையா என்ற வரிச் சிக்கல் அதற்கு முக்கியக் காரணம். அடுத்த பத்தாண்டுகள் அந்தப் பெரிய தடம் உலகப் பந்தயம் எதுவும் இன்றிக் கிடந்தது.

2023 செப்டம்பரில் மோட்டோஜிபி பந்தயம் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது இத்தடத்துக்குத்தான். காருக்காகக் கட்டிய தடம் என்பதால் பைக்குக்காகத் தடுப்புகளை நகர்த்தவும் சரளைப் படுகைகளை அமைக்கவும் வேண்டியிருந்தது. சில வளைவுகளில் சுவர் நெருக்கமாக இருப்பதாக வீரர்கள் சிலர் கவலை தெரிவித்தனர். தடத்துக்கான இறுதி ஒப்புதல் பந்தய வாரத்தில்தான் கிடைத்தது. வெப்பத்தின் காரணமாக முதன்மைப் பந்தயத்தின் சுற்றுகள் 24இலிருந்து 21ஆகக் குறைக்கப்பட்டன. இத்தாலியின் மார்கோ பெசெக்கி வென்றார். மக்கள் ஆரவாரமாக வரவேற்ற அந்தப் பந்தயம் 2024இல் நடக்கவில்லை.

இதற்கிடையே நகரத் தெருக்களில் கார் பந்தயம் நடத்தும் வழக்கம் வளர்ந்துள்ளது. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்திலும், 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியும் இவ்வாறு நடந்தன. அரசின் ஆதரவு இப்பந்தயங்களுக்குக் கிடைத்தது நல்லதே. எனினும் காங்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஓடும் தெருத் தடம் பைக்குக்கு உதவாது. பந்தயம் முடிந்து சுவர்களை எடுத்த பின் பயிற்சிக்கென்று அங்கே எதுவும் எஞ்சுவதுமில்லை.

சிறுவர்கள்

2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் போட்டியின் புதியவர் பிரிவில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர் ஒருவர் தொடக்கச் சுற்றில் முதல் வளைவைத் தாண்டும்போது விழுந்து, தலையில் பலத்த காயமடைந்து இறந்தார். பந்தயம் உடனே நிறுத்தப்பட்டது. மீதமிருந்த பந்தயங்களும் கைவிடப்பட்டன. ஏற்கெனவே 2021இல் ஐரோப்பாவில் 14, 15, 19 வயது வீரர்கள் மூவர் சில மாத இடைவெளியில் இறந்ததால், சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு உலகப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 18ஆக உயர்த்தியிருந்தது.

13 வயதில் பைக் ஓட்ட அனுமதிக்கலாமா என்ற கேள்வி அன்று எழுந்தது. அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டியது, அந்த வயதுப் பிள்ளை எங்கே ஓட்டிப் பழகுவது என்பது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் குழந்தைகள் முதலில் சிறிய கார்ட் தடங்களில், சின்னஞ்சிறு வண்டிகளில், குறைந்த வேகத்தில் விழுந்து எழக் கற்கிறார்கள். அத்தகைய தடங்கள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. பெரிய தடத்துக்கு வரும்போது அவர்களுக்குப் பல ஆண்டு அனுபவம் இருக்கும். இதே நோக்கில் 2021இல் உலக அளவில் தொடங்கிய மினிஜிபி போட்டிகள் அண்மை ஆண்டுகளில் இந்தியாவிலும் நடைபெறுகின்றன. ஒரு கார்ட் தடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நீளமே போதும். சில ஏக்கர் நிலம், சரளைக்கல், தடுப்பு மெத்தை, பயிற்சி பெற்ற கொடிக்காரர்கள், வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் ஆகியவையே அடிப்படைத் தேவைகள்.

பார்வையாளர் பாதுகாப்பும் இதில் அடங்கும். 2024 ஏப்ரல் 21 அன்று இலங்கையின் தியத்தலாவவில் நடந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். மண் தடங்களில் நடக்கும் பந்தயங்களுக்குத் தமிழ்நாட்டிலும் கூட்டம் திரள்கிறது. அங்கே மக்களுக்கும் வண்டிக்கும் இடையே பெரும்பாலும் இருப்பது ஒரு கயிறும் சில சவுக்குக் கம்பங்களும்தான்.