ஒழிந்துபோக இருந்த நோய் ஏன் திரும்பி வந்தது? சிபிலிஸும் எச்ஐவியும்: ஒரு நீண்ட த்ரெட்

1.
ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் ஒரே தடவை போடும் பெனிசிலின் ஊசியில் குணமாகிவிடும் நோய் சிபிலிஸ். பெனிசிலின் இதற்கு வேலை செய்யும் என்று 1943லேயே தெரிந்துவிட்டது. 80 வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் ஒழியவில்லை.

அதிலும் எச்ஐவியுடன் வாழ்பவர்களிடம் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. ஏன்?

"ஒழுக்கம் இல்லாதவங்க, அதான்"னு ஒரே வரியில் முடிச்சிட்டுப் போறவங்க உண்டு. வரலாறு அந்தப் பதிலை ஏற்கவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாங்க.

2.
1495. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடிக்க வந்த பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸின் படையில் ஒரு புது நோய் பரவியது. உடம்பெல்லாம் புண், எலும்பு வலி, சாவு.

இத்தாலிக்காரர்கள் அதை "பிரெஞ்சு நோய்" என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் "நேப்பிள்ஸ் நோய்" என்றார்கள். ரஷ்யர்களுக்கு அது "போலந்து நோய்".

நம்ம ஊர் மட்டும் சும்மா இருக்குமா? 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் இதை "பிரங்க ரோகம்" என்கிறது. அதாவது பறங்கியர் நோய். தமிழிலும் "பறங்கிப் புண்".

கவனிச்சீங்களா? பேர் வைக்கும்போதே "இது என் நோய் இல்ல, அவன் நோய்" என்ற எண்ணம். இந்த எண்ணம்தான் 500 வருஷமா இந்தக் கிருமிக்குப் பெரிய துணை.

3.
இந்தக் கிருமி எப்படி ஒளிந்துகொள்கிறது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

தொற்றி சுமார் 3 வாரத்தில் ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. பிறப்புறுப்பில் மட்டுமல்ல, வாயிலும் ஆசனவாயிலும் வரலாம். பல பேருக்குக் கண்ணிலேயே படாது. சில வாரங்களில் மருந்தே இல்லாமல் ஆறிவிடும்.

புண் ஆறும். நோய் ஆறாது.

அடுத்து உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத தடிப்புகள் வரலாம். அதுவும் தானா மறையும். பிறகு வருஷக்கணக்கில் அமைதி. அந்த அமைதியில் இதயம், மூளை, நரம்பு என எதையும் அது தொடலாம்.

4.
1981 ஜூன் மாதம். லாஸ் ஏஞ்சலஸில் 5 இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நுரையீரல் தொற்று பற்றிய சின்ன அறிக்கை வெளியானது. எய்ட்ஸ் பற்றிய முதல் அதிகாரபூர்வப் பதிவு அதுதான். உடனே பழைய பழக்கம் தலைதூக்கியது: "இது ஓரினச்சேர்க்கையாளர் நோய்" என்று முத்திரை குத்தினார்கள்.

மருத்துவர்களுக்கு இன்னொரு விஷயமும் சீக்கிரமே புரிந்தது. சிபிலிஸ் புண் என்பது தோலில் திறந்து கிடக்கும் கதவு. எச்ஐவி உள்ளே வரவும் அதே வழி, வெளியே போகவும் அதே வழி. எச்ஐவி தாக்கத் தேடும் நோய் எதிர்ப்பு அணுக்களும் அந்தப் புண்ணில்தான் கூடி நிற்கும். இரண்டும் ஒரே பாதையில் பயணிப்பவை. ஒன்று மற்றொன்றுக்கு வழி விடும்.

5.
இந்தியாவில் கதை தொடங்கியது நம்ம சென்னையில்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் எச்ஐவியைக் கண்டுபிடித்தார்கள். நாட்டிலேயே முதல் முறை.

உடனே ஊர் என்ன சொல்லியது? "அந்தப் பொம்பளைங்க நோய்."

6.
1997ல் புனேயிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பாலியல் தொழிலில் இல்லாத 391 பேரைப் பரிசோதித்திருந்தார்கள். பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத குடும்பப் பெண்கள்.

அவர்களில் 13.6 சதவீதம் பேருக்கு எச்ஐவி இருந்தது.

அவர்களுக்கு இருந்த முக்கிய ஆபத்துக் காரணி எது தெரியுமா? பால்வினை நோய் உள்ள துணையுடன் வாழ்ந்தது. அந்தப் பெண்கள் செய்த "தப்பு" என்று பட்டியலில் எழுத எதுவுமே இல்லை.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. ஆபத்துக் காரணி என்றாலே அந்த ஆளின் நடத்தை என்றுதான் நினைக்கிறோம். பல நேரம் அது அவர் யாருடன் இணைந்திருக்கிறார், அந்த வட்டத்தில் கிருமி எவ்வளவு சுற்றுகிறது என்பதுதான்.

7.
சிபிலிஸ் திரும்பி வந்த கதைக்கு அமெரிக்கா போகணும். அங்கேதான் கணக்கு வருஷவாரியாகத் தெளிவாக இருக்கிறது.

1980களில் எய்ட்ஸ் பயத்தால் ஓரினச்சேர்க்கை ஆண்களிடம் ஆணுறைப் பயன்பாடு கூடியது, சிபிலிஸ் குறைந்தது. அதே சமயம் கிராக் கொகைன் போதையும் வறுமையும் சேர்ந்த பகுதிகளில் ஆண் பெண் இருபாலரிடமும் அது ஏறி, 1990ல் ஆரம்ப நிலை நோயாளிகள் மட்டும் 50,000ஐத் தாண்டினார்கள். பிறகு சரசரவென இறங்கி 2000ல் 6,000க்கும் கீழே வந்தது.

1999லேயே அமெரிக்க அரசு சிபிலிஸை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை அறிவித்துவிட்டது. ஜெயிச்சாச்சுன்னே நினைச்சாங்க.

8.
2022ல் அதே அமெரிக்காவில் எல்லா நிலைகளையும் சேர்த்து 2,07,255 பேருக்கு சிபிலிஸ். 1950க்குப் பிறகு அதுவரை இவ்வளவு எண்ணிக்கை இருந்ததில்லை.

நடுவில் என்ன நடந்தது?

1996ல் எச்ஐவிக்குக் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றிகளில் ஒன்று. வாழ்க்கை திரும்பியது, அதோடு காதலும் காமமும் திரும்பின. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பயம் போன இடத்தில் பரிசோதனை வந்து உட்காரவில்லை.

9.
1999ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது இது. புதிதாக சிபிலிஸ் வந்த சில ஆண்களிடம் "யாருடன் தொடர்பு?" என்று சுகாதாரத் துறை கேட்டது. அவர்களுக்குப் பெயர் தெரியவில்லை. இணைய அரட்டை அறை ஒன்றில் வைத்திருந்த புனைபெயர் மட்டும்தான் தெரியும்! கடைசியில் சுகாதாரத் துறை அந்த அரட்டை அறைக்குள்ளேயே எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் எச்ஐவியுடன் வாழ்பவர்களும் இருந்தார்கள்.

இன்னிக்கு செல்போன் செயலிகள் செய்வதன் முன்னோட்டம் அது.

10.
அதற்குப் பின் வந்த பல ஆய்வுகள், எச்ஐவியுடன் வாழ்பவர்களுக்கு சிபிலிஸ் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை என்று திரும்பத் திரும்பச் சொல்பவை இவை:

🔸 ஏற்கெனவே சிபிலிஸ் வந்திருப்பது. அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் பாதுகாப்பு கிடைக்காது. குணமான பிறகும் மறுபடி வரும்.

🔸 ஆணுறை இல்லாத உறவு, பல துணைகள்.

🔸 "எனக்கும் எச்ஐவி, உனக்கும் எச்ஐவி, பிறகென்ன பயம்?" என்று ஆணுறையை விடுவது. எச்ஐவிக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரியாக இருக்கலாம். சிபிலிஸ் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

🔸 மெத் போன்ற போதைப் பொருட்கள்.

🔸 வாய்வழி உறவு. எச்ஐவிக்கு இதில் ஆபத்து மிகக் குறைவு, அதனால் யாரும் பாதுகாப்பு எடுப்பதில்லை. சிபிலிஸுக்கு இது தாராளமான வழி.

🔸 துணைக்குச் சிகிச்சை அளிக்காமல் விடுவது.

ஒரு நியாயமும் சொல்லணும். எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அதனால் அவர்களிடம் நோய் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. பரிசோதனையே செய்யாதவர் "எனக்கு இல்ல" என்று சொல்லிக்கொள்வது சுலபம்.

11.
ரொம்ப முக்கியம்: கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் எச்ஐவி பரவாது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை.

ஆனால் அந்த மாத்திரை சிபிலிஸைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

12.
தவறவிட்டால் என்ன ஆகும்? 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் சியாட்டில், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் கண்ணைத் தாக்கும் சிபிலிஸ் வரிசையாகத் தென்பட்டது. தேடிப் பார்த்தபோது 20 மாநிலங்களில் 200க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் எச்ஐவியுடன் வாழும் ஆண்கள். சிலருக்குப் பார்வையே போய்விட்டது. சாதாரண ரத்தப் பரிசோதனையும் பெனிசிலினும் காப்பாற்றியிருக்கக்கூடிய கண்கள் அவை.

குழந்தைகள் கதை இன்னும் கொடுமை. 2022ல் அமெரிக்காவில் 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி சிபிலிஸுடன் பதிவானார்கள். இறந்தே பிறந்தவையும் இதில் அடக்கம். 10ல் 9ஐ உரிய நேரத்துப் பரிசோதனையும் சிகிச்சையும் தடுத்திருக்கும் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே சொன்னது. "அவன் நோய், அவள் நோய்" என்று 500 வருஷம் தள்ளிவிட்டதற்கு விலை கொடுத்தது யார் பாருங்க.

13.
இப்போ நீங்க செய்யக்கூடியது:

✅ எச்ஐவியுடன் வாழ்பவரா? பாலுறவு வாழ்க்கை இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறையாவது சிபிலிஸ் பரிசோதனை செய்யுங்க. துணைகள் மாறினால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. ஏஆர்டி மையத்தில் நீங்களே கேட்டு வாங்குங்க. கேட்பது உங்கள் உரிமை.

✅ முன்பு சிபிலிஸ் வந்து குணமானவரா? பழைய விடிஆர்எல் ரிப்போர்ட்டைப் பத்திரமா வையுங்க. அந்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் புதுத் தொற்றா, பழைய தழும்பா என்று சொல்ல முடியும்.

✅ சிபிலிஸ் உறுதியானால் எச்ஐவி பரிசோதனையும் அவசியம். எச்ஐவி உறுதியானால் சிபிலிஸ் பரிசோதனையும்.

✅ கர்ப்பிணியா? முதல் மாதங்களிலேயே இரண்டு பரிசோதனையும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

✅ சிகிச்சை துணைக்கும் சேர்த்துத்தான். ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் அடுத்த மாதமே திரும்பி வரும்.

✅ பார்வை மங்கல், கண் சிவப்பு, காது கேட்காமை, தீராத தலைவலி வந்தால் தள்ளிப் போடாதீங்க. அன்றே மருத்துவரைப் பாருங்க.

✅ எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். சந்தேகம் கேட்க இலவச எண் 1097.

14.
கிருமியை 1905ல் கண்டுபிடித்தோம். ரத்தப் பரிசோதனை 1906ல் வந்தது. மருந்து 1943ல் கிடைத்தது. அறிவியல் தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது.

பாக்கி இருப்பது வெட்கம் மட்டும்தான். இந்தப் பதிவைப் படித்த ஒருவர் நாளைக்குப் போய் "எனக்கு விடிஆர்எல் எடுங்க" என்று கேட்டால் போதும்.

கேட்கிறவரை ஏற இறங்கப் பார்க்காமல் இருப்பது நம்ம எல்லோர் பொறுப்பு. மருத்துவர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.