கோமுகியும் ஆனிரையும்

கல்வராயன் மலையிற் பிறக்கும் ஆற்றிற்குக் கோமுகி என்று பெயர். ஆவின் முகம் என்பது பொருள். திருக்கோயிலில் திருமஞ்சனநீர் வெளிப்போதரும் வாயிலும் அப்பெயரினதே. அவ்வாவும் நீரும் அம்மலையில் ஒன்றற்கொன்று பகையாதலும் உண்டு.

வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிக் குடிகட்கு மாடே ஏர்த்துணை. சரிவுநிலத்திற் சாமை விளைதற்குச் சாணமே எரு. ஆயினும், மேய்ச்சல் அளவிறப்பின் ஆடுகள் இளங்கன்றுகளின் குருத்தைக் கடித்தலாற் காடு வழித்தோன்றலின்றி மூக்கும். குளம்பு மிதித்து இறுகிய மண் மழைநீரை உண்ணாது. வண்டலோடு கீழே ஓடவிடும். கோடையிற் சுனை வற்ற, முதலில் மெலிவதும் அக்கால்நடையே.

சேய்ஞலூர் விசாரசருமர், முட்டவந்த ஆவினை ஆயன் கோலாற் புடைத்தமை கண்டு பொறாராய், நிரைமேய்த்தலைத் தாமே மேற்கொண்டு மண்ணியாற்றங்கரையில் மேய்த்தனர். ஆக்கள் செழித்தன என்பது பெரியபுராணம். பசு மாறவில்லை, புல் மாறவில்லை, மேய்ப்பவரே மாறினர்.

சட்டமோ எல்லையையே நோக்கிற்று. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காப்புக்காட்டில் இசைவின்றி மேய்த்தலைக் குற்றமாக்கிற்று. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார் கைப்பட்டிருந்தமையின் அதன் வரலாறு சற்று வேறு. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலை விலக்கி, அத்திங்களிலேயே அவ்விலக்கைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்னும் இவற்றளவிற் சுருக்கிற்று. சுருக்கியது நன்றே, எஞ்சிய காட்டில் எத்துணை நிரை, எப்பருவத்து, எச்சரிவில் மேய்தல் தகும் என்பதை அங்குள்ள மேய்ப்பரைக் கேட்டு வரையறுத்தலே இனி வேண்டற்பாலது.